பரணில் கிடக்கும் கச்சேரி: வீட்டு ஒலிப்பதிவுகளை மீட்டு வெளியிடுவது பற்றிக் கேள்வி பதில்

பாட்டுக்காரர், வாத்தியக்காரர் வீடுகளில் கிடக்கும் கேசட்டையும் ஸ்பூலையும் கணினிக்கு ஏற்றி, சரிசெய்து, குடும்பத்தார் கேட்டால் வெளியிட்டும் தருவது என் தொழில். சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கேட்டவர்கள் பெயரை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், எங்க தாத்தா வாய்ப்பாட்டு வித்வான். 1978 வாக்கில் வீட்டில் பாடினது ஒரு பெட்டி நிறைய கேசட்டா இருக்கு. ஆன்லைனில் மலிவா யூஎஸ்பி கேசட் கன்வெர்ட்டர் விக்குது. வாங்கிடலாமா?

வேண்டாம். அந்தக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் மோட்டார் நிதானமாக ஓடாது. தாத்தாவின் நீண்ட கார்வை அலைபாயும். சர்வீஸ் செய்த நல்ல கேசட் டெக் ஒன்றை இரவல் வாங்குங்கள். லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி பிடிக்கும். பிடிக்கட்டும், ஹார்ட் டிஸ்க் இன்று மலிவு.

நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அசிமுத் திருகை, அதாவது ஹெட்டின் சாய்வை மாற்றும் திருகை, கவனியுங்கள். சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்பித் திருப்பி, 'ச' ஒலிகளும் மிருதங்கத்தின் வலந்தலையும் எந்த இடத்தில் பளிச்சென்று வருகின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். கேசட்டுக்குக் கேசட் இது மாறும், சில சமயம் பக்கத்துக்குப் பக்கமும். இங்கே தொலைந்த கூர்மையைப் பிறகு எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. பலரும் மீட்பு வேலை கணினியில் நடக்கிறது என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசி இந்தத் திருகில்தான் நடக்கிறது.

கேசட் ஜன்னல் வழியா பார்த்தா நாடாமேல வெள்ளையா பொடி மாதிரி இருக்கு.

பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது சாதாரணம். நல்ல டெக்கில் போட்டுவிடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, திருகு வைத்த புதுக் கூடு ஒன்றுக்கு நாடாவை மாற்றி, உலர்ந்த மெல்லிய துணியின் ஊடே மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். அப்படியே அழுத்துப் பஞ்சையும் பாருங்கள். ஹெட்டுக்கு எதிரே நாடாவைத் தாங்கும் அந்தத் துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கலாகத்தான் வரும். கூடு மாற்றியதும் அது தானாகச் சரியாகிவிடும்.

அண்ணா, ஸ்பூல் டேப்பை ஓவனில் சுட்டா சரியாகும்னு ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்ககிட்ட 1960களின் ஸ்பூல் இருக்கு. வினிகர் வாடை வருது.

தம்பி, தயவுசெய்து அடுப்புப் பக்கமே போகாதீர்கள். சூடாக்கும் வைத்தியம் 1970, 80களில் வந்த சில வகைப் பாலியெஸ்டர் நாடாக்களுக்கு. அவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி, ஓட்டினால் ஹெட்டில் பிசுபிசுவென்று ஒட்டும். 50 டிகிரியை ஒட்டிய சீரான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தால் கொஞ்ச காலத்துக்குச் சரியாகும். வீட்டு ஓவன் அந்தச் சீரைத் தராது.

உங்களுடையது அசிடேட்டாக இருக்க வேண்டும். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றிய நாடாவின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அசிடேட்தான். அதைச் சூடாக்கினால் நெளிந்து பாழாகும். வினிகர் வாடை என்றால் அழிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற ஸ்பூல்களிலிருந்து பிரித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, முதலில் அதையே ஏற்றிவிடுங்கள்.

ஸ்பூலை ஓட்டினா இடது ஸ்பீக்கரில் மாமா வீணை வாசிக்கிறார். வலது ஸ்பீக்கரில் யாரோ புரியாத பாஷையில் பேசற மாதிரி இருக்கு. டேப் கெட்டுப்போச்சா?

டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புரியாத பாஷை தமிழ்தான், பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. நாடாவின் மேல் பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப் பாதியில் மறுபக்கமும் எதிர்த்திசையில் மோனோவாகப் பதிந்திருக்கிறார்கள். உங்கள் ஸ்டீரியோ மெஷின் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறது. இரண்டு சேனலையும் தனித்தனிக் கோப்பாக்கி, வலதை மட்டும் மென்பொருளில் தலைகீழாகத் திருப்புங்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது! அரைத்தட ஹெட் உள்ள மெஷின் கிடைத்தால் இரைச்சல் இன்னும் குறையும்.

அப்பா எப்பவும் ஒரு கட்டையில்தான் பாடுவார். டேப்பில் ஒன்றரை கேக்குது. வேகம் தப்பா?

தப்புதான். அரைக் கட்டை, அதாவது சுருதியில் அரைப்படி, ஏறியிருந்தால் வேகம் சுமார் 6 சதவீதம் அதிகம். ஆனால் நினைவை மட்டும் நம்பி இறக்காதீர்கள். பதிவுக்குள் கரண்ட் இரைச்சல் 'ம்ம்' என்று ஓடிக்கொண்டிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அலைவரிசைப் படத்தில் அந்தக் கோடு 53ல் நின்றால் உங்கள் காது சொன்னது உறுதி. அந்தக் காலத்து மின்சாரமும் 50லேயே நின்றதில்லை, கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆகவே கோட்டையும் சுருதியையும் சேர்த்தே பாருங்கள். இரைச்சலை நீக்கும் முன் இதைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான், அது போனால் சாட்சியும் போய்விடும். பேட்டரியில் பதிந்த டேப்பில் இந்தக் கோடு இருக்காது. பேட்டரி தீரத் தீர மெஷின் மெதுவாக ஓடியிருக்கும். இப்போது ஓட்டினால் போகப் போகச் சுருதி ஏறும். அதைத் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் போட்டேன். இரைச்சல் போச்சு, ஆனா அம்மா குரல் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு.

அதிகம் வந்த கேள்வி இதுதான். அந்த மென்பொருளுக்கு 'இதுதான் இரைச்சல்' என்று ஒரு மாதிரி காட்ட வேண்டும், இல்லையா? யாரும் பாடாத இடமாகப் பார்த்துக் காட்டியிருப்பீர்கள். நம் கச்சேரியில் அது மௌனம் ஆகாது, தம்புரா அங்கேயும் ஒலிக்கும். மென்பொருள் தம்புராவைக் குப்பை என்று கற்றுக்கொண்டு, அதே சுருதியில் நிற்கும் குரலின் மேல்நாதங்களையும் சேர்த்துச் சுரண்டிவிட்டது. பதிவுப் பொத்தானை அழுத்தியதற்கும் தம்புரா தொடங்கியதற்கும் நடுவில் ஒரு நொடி கிடைக்கும். அந்த ஒரு நொடியைக் காட்டுங்கள். அதிலும் 4, 5 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள். மெல்லிய 'ஸ்ஸ்' இருந்தால் காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். குரலில் விழுந்த ஓட்டைக்குப் பழகாது.

'கிளிக்' நீக்கும் கருவியிடமும் ஜாக்கிரதை. மிருதங்கச் சாப்பை (கூர்மையான அடி) கீறல் என்று நினைத்து வழித்துவிடும். கீறல் எங்கே கேட்கிறதோ அங்கே மட்டும் கையால் எடுங்கள்.

காக்காய், குக்கர் விசில், தொடையில் தட்டும் தாளம், 'பலே' இவையெல்லாம் இருக்கட்டும் என்பது என் கட்சி. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் ஒப்புக்கொள்வதில்லை. கடைசியில் குக்கர் விசிலை எடுக்கத்தான் எடுக்கிறேன்.

ஏஐ வந்துடுச்சே சார், பீட்டில்ஸ் பண்ணின மாதிரி குரலைத் தனியா பிரிச்சு எடுக்க முடியாதா?

நீங்கள் சொல்வது 'நவ் அண்ட் தென்' பாட்டை. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் பியானோவோடு பாடிக் கேசட்டில் வைத்த பாட்டு அது. மற்ற மூவரும் 1995ல் அதை முடிக்கப் பார்த்தார்கள். இரைச்சலும் பியானோவும் குரலை விடவில்லை, கைவிட்டார்கள். பிறகு பீட்டர் ஜாக்சன் குழு 2021ல் வந்த ஆவணப்படத்துக்காக உருவாக்கிய பிரிக்கும் கருவி இதற்கும் கைகொடுத்தது. 2023 நவம்பரில் பாட்டு வெளிவந்தது.

நமக்கு? பியானோவும் குரலும் குணத்தில் வேறு வேறு. நம் வயலின் குரலின் நிழலாக அதே ஸ்வரத்தில் அதே கமகத்தோடு போகும். கடையில் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் டிரம்ஸ், பேஸ், கிட்டார் கேட்டு வளர்ந்தவை. தம்புராவை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் தெளிக்கும். தனியாகப் பிரித்து வெளியிட நான் ஒப்ப மாட்டேன். பிரித்து, அமுங்கிப்போன மிருதங்கத்தைக் கொஞ்சம் தூக்கி, திரும்பச் சேர்க்க மட்டும் பயன்படுத்துகிறேன்.

உரிமை யாருக்கு? பாடினது எங்க பெரியப்பா. பதிவு செய்தது பக்கத்து வீட்டு ரசிகர், அவரும் காலமாகிட்டார்.

மூன்று அடுக்கு இருக்கிறது. உருப்படியின், அதாவது பாடிய பாடலின், உரிமை முதலாவது. தியாகராஜர் (1847ல் மறைந்தார்), தீட்சிதர் (1835) எல்லாம் பொதுச்சொத்து. ஆனால் பாபநாசம் சிவன் 1973ல் காலமானவர். ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமையாளர் உண்டு. கச்சேரியில் துக்கடா (கடைசியில் பாடும் சிறு உருப்படிகள்) பகுதியை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது நிகழ்த்துநர் உரிமை. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு. 1978ல் பாடியது என்றால் 2028 முடியும்வரை. இது பெரியப்பாவுக்கு மட்டும் இல்லை, வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் உண்டு. குடும்பங்கள் மறப்பது பக்கவாத்தியக்காரர்களைத்தான், சண்டை வருவதும் அங்கேதான். மூன்றாவது, ஒலிப்பதிவின் உரிமை. முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. அந்த ரசிகர் தன் மெஷினில் தன் விருப்பத்தில் பதிந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கேட்டாக வேண்டும். டேப் உங்கள் வீட்டில் இருப்பது மட்டும் போதாது.

எல்லாரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்பதையும் எழுதிவிடுங்கள். வெளியிடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது.

நடுவில் தாத்தா இன்னொரு வித்வானைப் பற்றிக் கன்னாபின்னான்னு பேசறார். என்ன செய்ய?

வெளியீட்டில் வெட்டுங்கள், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். 'இதை வெளியே விடாதே' என்று அவரே டேப்பில் சொல்லியிருக்கும் பகுதி என்றால் வீட்டோடு இருக்கட்டும்.

அத்தை பெரிய பேர் வாங்கினவங்க இல்லை. இத்தனை வருஷம் கழிச்சு யார் கேட்பாங்க?

அமெரிக்காவில் கானி கான்வர்ஸ் என்றொரு பெண், தானே எழுதி கிட்டாரோடு பாடியவர். 1950களில் ஜீன் டீச் என்ற கார்ட்டூன் இயக்குநர் தன் வீட்டில் அவரைப் பதிவு செய்தார். எந்தக் கம்பெனியும் தொடவில்லை. 1974ல் காரில் கிளம்பிப்போனவர் திரும்பவே இல்லை. டீச் 2004ல் அந்த டேப்பிலிருந்து ஒரு பாட்டை நியூயார்க் வானொலியில் ஒலிக்கவிட, கேட்ட இளைஞர் ஒருவர் தேடிப்போய், 2009ல் ஆல்பமாகவே வந்தது. அத்தைக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம், இடம், ஆண்டு எல்லாம் சரியாக எழுதி ஏற்றினால் தேடுகிறவர் கையில் சிக்கும். ஒரு பிரதியைக் காப்பகத்துக்கும் கொடுங்கள். 1982ல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இனவிசையியல் (பல சமூகங்களின் இசையை ஆராயும் துறை) ஆய்வுக் காப்பகம் போன்றவை இதற்காகவே இருக்கின்றன.

வெளியிட்டாச்சு. இப்போ அதே கச்சேரியை இன்னொருத்தர் யூடியூபில் வெச்சிருக்கார். ஸ்ட்ரைக் (காப்புரிமைப் புகார்) அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ரசிகர்கள் அந்தக் காலத்தில் ஒருவருக்கொருவர் கேசட் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பதே நகலாக இருக்கலாம். முதலில் அவருக்கு எழுதி, எந்த டேப்பிலிருந்து ஏற்றினார் என்று கேளுங்கள். உங்களுடையதில் பல்லவி நடுவில் அறுந்திருந்தால் அவருடையதில் முழுசாக இருக்கக்கூடும்.