விலாசம் மாறிப்போன கோபம்

கேள்வி: குமரி மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 46. எங்கள் பக்கத்தில் பந்து உதைக்காத பிள்ளை கிடையாது. நானும் ஒரு காலத்தில் ஆடியவன். என் 15 வயது மகன் பள்ளி அணியில் டிபெண்டர், எதிரணி கோல் போடாமல் தடுப்பவன். 2025 செப்டம்பரில் கத்தாரின் தோஹாவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்றை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். கத்தாரிடம் 1-2 எனத் தோற்ற அன்று என்னால் தாங்க முடியவில்லை. சிவப்பு அட்டை வாங்கிய பையனின் சமூக வலைதளப் பக்கத்தைத் தேடிப் பிடித்து எழுதக் கூடாததையெல்லாம் எழுதினேன். அவனைப் பெற்றவளையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் என் மகன் அதைப் படித்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மைதானத்துக்குப் போவதில்லை. பூட்ஸை ஒரு சாக்கில் சுற்றிக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டான். ஏன் என்றால், “படிக்க வேண்டும்” என்கிறான். “எவனோ தோற்றதற்கு நம் வீட்டில் ஏன் இந்த இழவு?” என்கிறாள் மனைவி. இந்திய அணியோ ஒவ்வொரு முறையும் தகுதியின் வாசல்வரை போய் ஏமாந்து திரும்புகிறது. இனி இந்திய அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது சரிதானா? மகனை எப்படித் திரும்ப ஆட வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தச் சாக்குதான். வெறுத்துப்போன பிள்ளை பூட்ஸைக் குப்பையில் வீசியிருப்பான், இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்திருப்பான். உங்கள் மகன் அதைச் சாக்கில் சுற்றி, எலி கடிக்காமல், உங்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறான். தினமும் அரிசி அளக்கக் குனிகிறீர்கள், அது அங்கே இருக்கிறது. அவன் உங்களிடம் கேட்காத கேள்வியைத்தான் அந்த மூலையில் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவனும் டிபெண்டர். நாளை அவனுக்கும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்ட்டிப் பெட்டிக்குள் ஒரு கால் தப்பலாம். அப்போது அப்பா என்ன சொல்வார்? அதற்கான பதிலை அவன் முன்கூட்டியே படித்துவிட்டான், உங்கள் கையெழுத்திலேயே.

உங்கள் மனைவியின் கேள்வியை மட்டும் நான் ஏற்கவில்லை. “எவனோ” தோற்கவில்லை. உங்களுக்கு வலித்தது நியாயமான வலி. அந்த வாரத்தை உங்களோடு சேர்ந்து நானும் ஒருமுறை நடந்து பார்க்கிறேன்.

முதல் ஆட்டத்தில் பஹ்ரைனை 2-0 என வென்றோம். இந்திய இளைஞர் அணி மேற்காசியாவின் ஓர் அணியை அப்படி வீழ்த்துவது அடிக்கடி நடப்பதில்லை. அடுத்தது கத்தார், அதுவும் அவர்கள் மண்ணில். ஒரு கோல் பின்தங்கி, இடைவேளைக்குப் பிறகு முகமது சுஹைல் சமன் செய்தார். அந்தச் சில நிமிடங்கள் நீங்களும் உங்கள் மகனும் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் நாற்காலியின் நுனியில் இருந்தேன். பிறகு பெனால்ட்டி, சிவப்பு அட்டை, பத்துப் பேர், 1-2. கடைசி ஆட்டத்தில் புருனேயை 6-0 என வென்றும், விபின் மோகனன் மூன்று கோல் போட்டும், இரண்டாம் இடம்தான். 11 பிரிவுகளில் முதலிடம் பிடித்தவர்களோடு, இரண்டாம் இடத்தவர்களில் சிறந்த நான்கு அணிகளுக்கு மட்டும்தான் ஆசியக் கோப்பை ஆடச் சவூதி அரேபியாவுக்கு டிக்கெட். ஆறு புள்ளிகள் போதவில்லை. கத்தாரிடம் ஒரு டிரா கிடைத்திருந்தால் ஏழு. 2014 ஜனவரியில் முதன்முதலாக நடந்த இந்தப் போட்டிக்கு நாம் இன்றுவரை ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கோபத்தை எந்த விலாசத்துக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். 23 வயதுகூட ஆகாத ஒரு பையனுக்கு. அன்று நாட்டிலேயே அதிகம் அழுதவன் அவனாகத்தான் இருந்திருப்பான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் நம் 20 வயதுக்குட்பட்டோர் அணி லாவோஸ் போனது. மங்கோலியாவை 4-1, லாவோஸை 2-0 என வென்றது, ஈரானிடம் 0-1 எனத் தோற்றது. போட்டிக்குத் தகுதி இல்லை. அடுத்த மாதமே 17 வயதுக்குட்பட்டோர் அணி தாய்லாந்து போனது. புருனேயை 13-0, துர்க்மெனிஸ்தானை 1-0 என வென்றது, தாய்லாந்திடம் 2-3 எனத் தோற்றது. தகுதி இல்லை. அதற்குப் பதினொரு மாதம் கழித்து தோஹா. மூன்று வயதுப் பிரிவுகள், மூன்று வேறு பயிற்சியாளர்கள், அறுபதுக்கும் மேற்பட்ட பையன்கள். ஆனாலும் கதை ஒன்றுதான்: இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரே ஒரு கோல் குறை. இதை ஒரு டிபெண்டரின் ஒற்றைக் காலில் எப்படிக் கட்டுவீர்கள்?

என் கணிப்பைச் சொல்கிறேன். நம் பையன்களுக்கு எளிதான ஆட்டத்தை வெல்லத் தெரியும், மோசமான தோல்வியும் பழக்கம்தான். 1-1 என்று கயிற்றின் மேல் நிற்கும் ஆட்டம்தான் அவர்களுக்குப் புதிது. அந்த இருபது நிமிடத்தை வாழ்க்கையில் எத்தனை முறை ஆடியிருக்கிறார்கள்? பெட்டிக்குள் எதிராளி புகுந்துவிட்டால் காலை நீட்டுவதா, உடம்பால் மறித்து நிற்பதா என்பதைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. வாரந்தோறும் தன்னைவிட மூத்தவனோடு, தன்னைவிட வேகமானவனோடு மோதி, தவறி, அடுத்த வாரமும் களமிறங்கிக் கற்பது அது. தோஹாவுக்கு முன் முகாமும் நட்பு ஆட்டங்களும் இருந்தன, மறுக்கவில்லை. 2023-இல் இதே பிரிவின் அணி சீனாவிடமும் ஐக்கிய அரபு அமீரகத்திடமும் தோற்று ஒரு புள்ளிகூட இல்லாமல் திரும்பியது. அதிலிருந்து ஆறு புள்ளிக்கு வந்திருக்கிறோம் என்றால் வேலை நடந்திருக்கிறது. ஆனால் முகாம் என்பது தேர்வுக்கு முந்தைய இரவுப் படிப்பு மாதிரி. வருடம் முழுக்கப் படிக்க வேண்டிய பாடம் லீக்கில் இருக்கிறது. நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல், முந்தைய இரு ஆண்டுகளைப் போல் 2025 செப்டம்பரில் தொடங்கவே இல்லை. 2025 டிசம்பரில் இதை எழுதும்போதும் பந்து உருளவில்லை. உங்கள் கோபத்துக்கு ஒரு விலாசம் வேண்டுமென்றால், அது இந்தப் பக்கம் இருக்கிறது.

ஒரு காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். இளம் வீரர்களை மட்டும் கொண்ட இந்தியன் ஏரோஸ் அணி ஐ-லீக் என்ற தேசிய லீகில் பெரியவர்களோடு ஆடியது. 2017-இல் அது மறுபடி தொடங்கியபோது முதல் ஆட்டத்திலேயே நம் சென்னை சிட்டி அணியை 3-0 என வென்றது. அன்று ஒரு சென்னை ரசிகையாக எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அதற்கடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், நம் 20 வயதுக்குட்பட்டோர் அணி ஸ்பெயினில் பத்துப் பேரோடு ஆடி அர்ஜென்டினாவின் இளைஞர் அணியை 2-1 என வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் நம் 16 வயதுக்குட்பட்டோர் மலேசியாவில் ஆசியக் காலிறுதிவரை போய், தென்கொரியாவிடம் 0-1 எனத் தோற்று, உலகக் கோப்பை வாய்ப்பை ஒரே ஆட்டத்தில் தவறவிட்டார்கள். அடிக்கடி ஆட வைத்தால் என்ன ஆகும் என்று நாமே கண்ணால் பார்த்தோம். 2022-இல் அந்த ஏரோஸ் அணியைக் கலைத்தும் விட்டோம். அன்று யார் பக்கத்திலும் யாரும் போய்த் திட்டியதாக எனக்கு நினைவில்லை.

என்னுடைய ஓர் இரவையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 9. டெல்லியில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டம். 82-ஆவது நிமிடம், சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்கிறார், ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் முட்டுகிறார், கோல், 1-1. உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல் அது. நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியா திருப்பி அடித்துவிட்டது. 1-2. “கொண்டாடியது போதாதா, இடத்துக்குப் போய் நின்றால் என்ன?” என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கோல் போட்ட பிறகு வரும் முதல் நிமிடத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அந்த நிமிடம் இந்த நாட்டில் அதற்கு முன் யாருக்குமே வாய்த்ததில்லையே. அந்த ஜீக்சன் பிறகு மூத்த இந்திய அணியின் நடுகளத்தில் ஆடினார். ஒரு தோல்வியோடு அந்தப் பையனை நாம் கை கழுவியிருந்தால்?

இனி உங்கள் இரண்டு கேள்விகள்.

பார்ப்பதை விட்டுவிடலாமா என்றால், விட்டுவிடாதீர்கள் என்பேன். உங்கள் கடிதம் கைக்கு வந்த பிறகு, நவம்பர் 30 அன்று, அகமதாபாதில் நம் 17 வயதுக்குட்பட்டோர் ஈரானை எதிர்கொண்டார்கள். அதே தகுதிச்சுற்றில் லெபனானிடம் 0-2 எனத் தோற்றிருந்த அணி. ஈரான்தான் முதலில் கோல் அடித்தது. பெனால்ட்டியில் சமன் செய்து, இடைவேளைக்குப் பின் இன்னொன்று போட்டு, மீதி நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக் காத்து, 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். கயிற்றின் மேல் நிற்கும் அந்த ஆட்டத்தை இந்தப் பிள்ளைகள் ஆடிக் காட்டிவிட்டார்கள். ஆகஸ்டில் மியான்மரின் யாங்கோனில் நம் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உள்ளூர் அணியை 1-0 என வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். “ஒவ்வொரு முறையும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பெண்களின் ஆட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை பாருங்கள், மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

மகன் விஷயத்தில் முதல் வேலை உங்களுடையது. அந்தப் பதிவை அழியுங்கள். அழித்துவிட்டு அதே இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: “அன்று கோபத்தில் உங்களையும் உங்கள் தாயையும் தவறாகப் பேசினேன். மன்னித்துவிடுங்கள்.” அந்தப் பையன் படிப்பானா என்பது வேறு. உங்கள் மகன் படிப்பான். திட்டியதைத் தேடாமலே கண்டவன், இதையும் காண்பான்.

பிறகு அவனிடம் நேரில் சொல்லுங்கள். அறிவுரையாக வேண்டாம், “விளையாட்டில் வெற்றி தோல்வி சகஜம்” என்றெல்லாம் தொடங்கவே வேண்டாம். நீங்கள் ஆடிய காலத்தில் உங்களால் தோற்ற ஓர் ஆட்டம் இருக்கும். ஆடிய எல்லோருக்கும் ஒன்று இருக்கும். அதை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? எந்த ஊர் மைதானம், யார் எதிரணி, எப்படிப் பந்து உங்கள் காலைத் தாண்டிப் போனது, வீட்டுக்கு எப்படி நடந்து வந்தீர்கள், உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று முழுதாகச் சொல்லுங்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியச் சீருடை போட்ட கதையை உங்கள் கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்திருப்பார்கள். அப்பா தோற்ற கதையை அவன் கேட்டிருக்க மாட்டான்.

மைதானத்துக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். படிக்க வேண்டும் என்றால் படிக்கட்டும், அரையாண்டுத் தேர்வு நேரம் வேறு. அந்தச் சாக்கை நீங்களாகப் பிரிக்கவும் வேண்டாம். உப்புக்காற்றில் தோல் விறைத்துப் போகும், அதனால் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஈரம் படாத உயரமான பலகையில் வையுங்கள். எங்கே என்று அவன் கேட்கிற அன்று கை நீட்டிக் காட்டினால் போதும். அவன் மறுபடி ஆடப் போகும் முதல் நாள் கடையை ஒரு மணி நேரம் மனைவியிடம் விட்டுவிட்டுப் போய், கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். அவன் ஒரு பந்தைத் தவறவிடுவான். அப்போது அவன் கண் உங்களைத் தேடும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.