64 வயதில் வள்ளி கும்மி கற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் ஒன்று. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் தினமும் இரவு ஏழு மணிக்கு வள்ளி கும்மி சொல்லித்தருகிறார்கள், 40 நாளில் அரங்கேற்றம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மகனோ "இந்த வயசுல குதிச்சு விழுந்தா யாரு பார்க்கறது" என்கிறான். போகலாமா டாக்டர்?

பதில்: போங்கம்மா. ஆனால் நாளைக்கே வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள், அதற்குள் பார்க்க வேண்டியது சிலது இருக்கிறது.

முதலில் உங்கள் மகன் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வயது விஷயத்தில் அவர் சொல்வது தப்பு, விழுவது விஷயத்தில் பாதி சரி. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் அய்யாவுக்கு, பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மி சொல்லிக்கொடுத்தவர் அவர், 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். "அவர் சின்ன வயசிலிருந்தே ஆடறவர், நீ இப்பத்தான் ஆரம்பிக்கிற" என்று அவர் திருப்பிக் கேட்டால் அதுவும் நியாயம்தான்.

நடனம் ஆடினால் வயதானவர்கள் விழவே மாட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். சிட்னியில் 23 முதியோர் குடியிருப்புகளில் 530 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள், முடிவு 2016இல் வெளிவந்தது. சில குடியிருப்புகளில் வாரம் இரண்டு முறை நாட்டுப்புற நடனமோ ஜோடி நடனமோ சொல்லிக்கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். விழுந்த எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, ஏற்கனவே பலமுறை விழுந்தவர்கள் ஆடப் போனபோது இன்னும் கூடுதலாக விழுந்த மாதிரிதான் தெரிந்தது. அதனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்கிறேன்: போன ஒரு வருடத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள்? குளியலறையில் வழுக்கியது, வாசற்படியில் தடுக்கியது, எல்லாம் கணக்கு. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கும்மியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் இரண்டு மூன்று மாதம் நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி எடுங்கள். ஒரு முறையும் இல்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சுவர் ஓரமாக நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பத்து விநாடி நிற்க முடிகிறதா? கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? உங்கள் வயதுப் பெண்களுக்கு 12 வர வேண்டும். ஏழு எட்டோடு நின்றால் தொடைத் தசை பலமில்லை என்று அர்த்தம், அந்த எழுந்து உட்காரும் வேலையையே தினமும் பயிற்சியாகச் செய்யுங்கள். இரண்டு சோதனைக்கும் பக்கத்தில் யாராவது இருக்கட்டும், நாற்காலி சுவரில் சாய்ந்து நிற்கட்டும்.

சரி, இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஏன் போகச் சொல்கிறேன்? காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போனாலே போதாதா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். வாக்கிங் நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கால் தானாக நடக்கும், மனது எங்கோ சுற்றும். கும்மியில் அது நடக்காது. வாத்தியார் பாடுவதைக் காது கேட்க வேண்டும், முன்னால் போகிறவரைக் கண் பார்க்க வேண்டும், கால் முன்னும் பின்னும் மாற வேண்டும், அதற்குள் குனிந்து தட்டித் திரும்ப வேண்டும், ஓர் அடி தப்பினால் பின்னால் வருகிறவர் முட்டிவிடுவார். ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரில் சராசரி 68 வயதுக்காரர்களை ஒன்றரை வருடம் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. ஒரு குழுவுக்கு அடிக்கடி அடவுகள் மாறும் நடனம், இன்னொரு குழுவுக்கு வழக்கமான உடற்பயிற்சி. நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதி இரண்டு குழுவுக்கும் வளர்ந்தது, ஆனால் தடுமாறாமல் நிற்கும் திறன் நடனக் குழுவுக்குத்தான் கூடியது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் புது அடி கற்றுக்கொண்டே இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்ற என் எண்ணத்துக்கு அது ஒத்துப்போகிறது. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரை ஐந்து வருடம்போலத் தொடர்ந்த இன்னோர் ஆய்வும் உண்டு. உடலசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுக்குத்தான் மறதிநோய் குறைவதோடு தொடர்பு இருந்ததாக 2003இல் எழுதினார்கள். அதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மூளை நன்றாக வேலை செய்பவர்கள்தானே ஆடவே போகிறார்கள்!

இன்னொன்றை எந்த ஆய்வும் இல்லாமலே சொல்வேன். வாக்கிங்குக்கு ஒரு நாள் போகாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. கும்மிக்குப் போகாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று கூப்பிடுவார். சர்க்கரை நோயாளிக்கு அதைவிட நல்ல மருந்தை நான் எழுதித்தர முடியாது.

இப்போது உங்கள் மாத்திரைக்கு வருவோம், எனக்கு முழங்காலைவிட இதுதான் கவலை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படி இல்லை. நீங்கள் இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு, "வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று திடலுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் ஆடினால் அங்கேயே வியர்த்துக் கைகால் நடுங்கிக் கண் இருட்டலாம். ஆடிய தசை அதற்கப்புறமும் பல மணி நேரம் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், நடுத்தூக்கத்தில்கூடத் தாழலாம். அதனால் மாத்திரை எழுதித்தரும் டாக்டரிடம் இந்த நேரக்கணக்கைச் சொல்லுங்கள், அவர் இரவு அளவைக் குறைக்கலாம், மாத்திரையையே மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறு மணிக்கு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல் வாரம் போகும் முன்பும் வந்த பிறகும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயக்கம் மாதிரி வருகிறது, மீட்டர் கையில் இல்லை என்றால் பார்க்க வேண்டாம், குடித்துவிடுங்கள். முந்தானையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் முடிந்துகொண்டு போவது வெட்கப்படும் விஷயம் இல்லை.

அப்புறம் பாதம். வெறுங்காலில் திடலில் ஆடுவீர்கள். உணர்வு குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இரண்டு நிமிட வேலை, செய்துகொள்ளுங்கள். உணர்வு குறைவு என்றால் மெல்லிய ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவோடு ஆடுகிறேன் என்று வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் போடுகிறவர்களுக்கு பி12 குறைவதும் உண்டு, அதிலும் கால் மரத்து நடை தள்ளாடும். ரத்தம் கொடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முழங்கால் தேய்மானத்துக்கு அசையாமல் உட்காருவது வைத்தியம் இல்லை. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் மிச்சம். ஆனால் குதிப்பது, ஒற்றைக் காலில் சட்டென்று சுழல்வது, முழுக்கக் குத்தவைத்து எழுவது மூன்றையும் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் குதிக்கும்போது நீங்கள் அந்த இடத்தில் ஓர் அடி வைத்துத் தட்டினால் வட்டம் கெட்டுவிடாது. முதல் வாரம் இருபது நிமிடம் போதும், மீதி நேரம் உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள், பாட்டு மனதில் நின்றால் அடி தானாக வரும். அளவு எப்படித் தெரியும்? ஆடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். மறுநாள் காலையும் முந்தைய நாளைவிட வலி அதிகமாக இருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். நெஞ்சில் அழுத்தமோ, வழக்கத்தில் இல்லாத மூச்சுவாங்கலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால் உடனே உட்காருங்கள், அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரும். இப்போதே ஒரு மாடி ஏறினால் இரைக்கிறது என்றால் ஆடுவதற்கு முன்பே இதயத்தைப் பார்த்துவிடுங்கள். அரங்கேற்றம் மணிக்கணக்கில் போகும் சமாச்சாரம், 40 நாளில் முழுவதும் ஆடியே தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, முதல் அரைமணி ஆடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, பெண்கள் யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வேகமாக அடி வைக்கும்போது சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் அதற்காகக் கும்மியை விட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் இந்தக் காரணத்தை வெளியே சொல்லாமல் "முட்டி வலி" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள் என்பது என் சந்தேகம். போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள், தேவையானால் பேடு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை ஐந்து விநாடி இறுக்கி ஐந்து விநாடி தளர்த்துங்கள், ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை, உட்கார்ந்தபடியே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.