ராத்திரி ஷிஃப்ட் அக்காகிட்ட கேட்டது: அசைலம் குடும்பங்களும் சர்ச் ஹாலும்

நான் மார்த்தாண்டம் பக்கம், நர்ஸ் வேலையில இருந்து ரிட்டையர் ஆயாச்சு. 2019ல டெக்சாஸ் சான் அன்டோனியோல மக வீட்டுல இருந்தப்போ, டவுன்ல உள்ள ட்ராவிஸ் பார்க் மெதடிஸ்ட் சர்ச்சுல அசைலம், அதாவது சொந்த நாட்டுல இருக்க பயந்து அடைக்கலம், கேட்டு வந்த குடும்பங்களுக்கு ராத்திரி படுக்க இடம் குடுத்தாவ, அங்க வாலண்டியரா போனேன். நம்ம சபையில அத பத்தி பேசுனதுல இருந்து ஆளாளுக்கு கேக்குறிய, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிருறேன்.

களியக்காவிளை தம்பி: அக்கா, எதுக்கு சர்ச்சுல போய் படுக்கணும்?

அப்போ மெக்சிகோ பார்டர்ல பிடிச்சு அடைச்சு வச்சிட்டு, கோர்ட்டுக்கு வரணும்னு ஒரு பேப்பர கையில குடுத்து வெளிய விட்டுருவாவ மக்கா. பிள்ளையோட உள்ளவங்கள ரொம்ப நாள் உள்ள வைக்க முடியாது, பிடிபட்ட பிள்ளைங்கள எப்படி வைக்கணும்னு 1997ல கோர்ட்டுல அரசு ஒத்துக்கிட்ட ஃப்ளோரஸ் உடன்பாடு ஒண்ணு உண்டு, அத வச்சு 2015ல கோர்ட்டு சொன்னதுல இருந்து 20 நாள் கணக்கு. வெளிய வந்ததும் சொந்தக்காரன் இருக்குற ஊருக்கு பஸ் ஏறணும், அது ஃப்ளோரிடா, நியூ ஜெர்சின்னு ஒண்ணு ரெண்டு நாள் பஸ்ஸிலயே கிடக்குற தூரம். டிக்கெட் காச சொந்தக்காரன் போட்டுருவான், ஆனா பஸ் நாளைக்குன்னா இன்னைக்கு ராத்திரி பச்சப்பிள்ளையோட எங்க போவ?

குழித்துறை: ராத்திரி முழுக்க என்ன வேலை? சும்மா காவலா?

காவல்னு நெனச்சுதான் நானும் போனேன். வெள்ளனத்துக்கு பஸ் உள்ளவங்கள எழுப்பி விடுறதுதான் பெரிய வேலை, அதுல நான் மொத நாளே கோட்டை விட்டேன். ஒரு அம்மாவ எழுப்பப்போய் டார்ச்ச மொகத்துல அடிச்சுட்டேன், அவ திடுக்குன்னு எந்திரிச்சு பிள்ளைய இழுத்து நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு செவுத்தோரம் போய் ஒட்டிக்கிட்டா, உள்ள இருந்தப்போ அப்படித்தான் எழுப்பி எண்ணுவாங்களாம். பொறவு நான் டார்ச்ச கையிலயே எடுக்கல, பக்கத்துல உக்காந்து மெதுவா பேர சொல்லி கூப்பிடுவேன். லைட்டையும் முழுசா அணைக்கப்படாது, உள்ள ராவும் பகலும் லைட் எரியும்லா, பழகிப்போன பிள்ளைங்க இருட்டுல அழும், பாத்ரூம் பக்கத்து லைட்ட விட்டுருவோம். டயப்பர், சொவட்டர் எடுத்துக் குடுக்குறது, பைய கட்டுறது, ஷூ லேஸ் தேடுறது எல்லாம் உண்டு. லேஸ உள்ள போகும்போதே உருவிருவாவ, பெரிய ஆம்பிளைங்க தொளதொளன்னு ஷூவ இழுத்துட்டு நடப்பாவ, பாக்கவே ஒரு மாதிரி இருக்கும்.

மேல்புறம்: நீங்க நர்ஸ்லா, மருந்து குடுத்தியளா?

இல்ல. எனக்கு டெக்சாஸ் லைசன்ஸ் கிடையாது, ஒரு பாரசிட்டமால் கூட எங்கையால குடுக்கல. காய்ச்சல் இருமல்னா பொறுப்புல இருக்குறவங்கள கூப்பிடணும், அவ்வளவுதான். கை துறுதுறுக்கத்தான் செஞ்சுது.

பாறசாலை சேச்சி: என்ன சாப்பாடு? நம்ம சாப்பாடு பிடிச்சுதா?

ஆசையா எலுமிச்ச ஊறுகா கொண்டு போனேன், ஒருத்தரும் தொடல. கோழி சூப்பு, சோறு, கருப்பு பயறு, இதுதான் ஓடுச்சு. ஜூன் மாசம் காங்கோ, அங்கோலா குடும்பங்க நிறைய வந்தாவ, அவங்க நம்மள மாதிரி மரச்சீனி தின்னு வளந்த ஆளுங்க. நான் போன்ல மரச்சீனி படத்த காட்டுனதும் ஒரு பாட்டி சிரிச்சு என் கையப் பிடிச்சுட்டா, அன்னைக்கு அதுக்கு மேல பேச எங்ககிட்ட ஒரு பாஷையும் இல்ல.

களியக்காவிளை தம்பி (மறுபடி): ஸ்பானிஷ் தெரிஞ்சா போதுமா?

போதாது. குவாத்தமாலா மலைப்பக்கத்து ஆளுங்க சிலருக்கு மாம், கெக்சி இப்படி மாயா பாஷைதான் வீட்டு பாஷை, ஸ்பானிஷ் அரைகுறை. எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவாவ, நாம புரிஞ்சுட்டுன்னு நெனச்சுருவோம். கேரளா எல்லைக்கு அந்தப்பக்கம் ஆபீசுக்கு போற நம்ம கிழவிங்களும் மலையாளத்துக்கு இப்படித்தான தலைய ஆட்டும்! அதனால பஸ் மாறுற ஊரயும் நேரத்தையும் தாள்ல பெருசா எழுதி, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எந்த பஸ்னு காட்டுங்க"ன்னு இங்கிலீஷ்ல ஒரு அட்டையும் வச்சு விடுவோம்.

அருமனை: ஏன் ஊர விட்டு வந்தாவன்னு கேட்டியளா? போட்டோ இருந்தா போடுங்க.

போட்டோ கிடையாது, எடுக்கவும் விடமாட்டாவ, துரத்துனவன் கண்ணுல பட்டா என்ன ஆகும்? கதையும் கேக்கல. இது வாலண்டியரா போற எல்லாருக்கும் வாற ஆசை, எனக்கும் வந்துச்சு. ஆனா அத அவங்க ஆபீசர்கிட்ட சொல்லியாச்சு, இன்னும் ஜட்ஜ்கிட்ட சொல்லணும், வந்து ஒரு வருசத்துக்குள்ள மனுவும் போடணும், நடுவுல ஒரே ஒரு ராத்திரி தூங்க கிடைச்சுருக்கு, அதுலயும் எனக்கு வேற ஒருக்கா அழுதுட்டு சொல்லணுமா? தானா சொன்னா கேட்டுக்கிட்டு இருப்பேன்.

மஞ்சாலுமூடு: இப்போ அமெரிக்காவுல மகன் வீட்டுக்கு போறேன், நானும் சேரலாமா?

2025 ஜனவரியில பார்டர்ல அசைலம் கேக்குறதயே நிறுத்திட்டாங்க, வாற ஆளே இல்லாம இப்படி பல இடம் மூடியாச்சு. போறதுக்கு முன்ன அந்த ஊரு சர்ச்சுல விசாரிச்சுக்கோங்க, பின்னணி விசாரிக்காம எங்கயும் சேக்க மாட்டாவ.

வாலிபர் சங்கத்துல இருந்து: அக்கா, கோழிவிளை அகதி முகாம்ல நாம இப்படி பண்ணலாமா?

தம்பி, அங்க உள்ளவங்க ஒரு ராத்திரி விருந்தாளியா? இலங்கையில இருந்து 1983க்கு அப்புறம் வந்த சனம், இங்கயே பிறந்து கல்யாணம் முடிச்சவங்களும் இருக்காவ. 1951 அகதிகள் உடன்படிக்கையில இந்தியா கையெழுத்து போடல, அதனால அவங்களுக்கு மனு போட்டு ஜட்ஜ் முன்ன நிக்குற அந்த வழியே இங்க கிடையாது. பெட்ஷீட்டோட போய் நின்னா சிரிப்பாவ. பிள்ளைங்க காலேஜ் அட்மிஷனுக்கு எந்த சர்ட்டிபிகேட்டுல மாட்டுதுன்னு கேட்டு, கூட ஆபீசுக்கு நடக்க ஆளு உண்டான்னு பாருங்க. திங்கக்கிழமைன்னா நானும் வாறேன்.