கம்பி வைத்த காலை ஊன்றப் பயமா?

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் குடியாத்தம், பெங்களூரில் ஐ.டி. வேலை. பிப்ரவரியில் நண்பர்களோடு குல்மார்க் போனபோது பனிச்சறுக்கில் விழுந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே முறுக்கிக்கொண்டு உடைந்துவிட்டது. ஸ்ரீநகரிலேயே ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். ஒன்பது வாரம் ஆகிறது. எக்ஸ்-ரே பார்த்த எலும்பு டாக்டர், “சேர ஆரம்பித்துவிட்டது, ஊன்றி நடங்கள்” என்கிறார். எனக்குப் பயம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்திக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. பாட்டி புத்தூர் கட்டுப் போடச் சொல்கிறார். கால் குணமானால் என்னைச் சோளிங்கர் மலைக்குப் படியேறி வர வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். பைக் எப்போது ஓட்டலாம்? மறுபடியும் பனிச்சறுக்குக்குப் போகலாமா?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எலும்பு அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஊன்றாமல் வைத்திருப்பதால் காலின் மற்ற பாகங்கள்தான் கெட்டுக்கொண்டிருக்கின்றன. தொடையை அளந்து பாருங்கள். முழங்கால் சிப்பிக்கு மேலே ஒரு சாண் தள்ளி இரண்டு காலிலும் டேப் வைத்துப் பார்த்தால், வலது தொடை இளைத்திருப்பது தெரியும். கணுக்காலும் மேல்நோக்கி முழுசாக மடங்காது.

கணைக்கால் எலும்பு பொதுவாகவே மெதுவாகச் சேரும். அதன் முன்பக்கம் தோல்தான், சதை மூடியிருப்பதில்லை. அதனால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. முழுசாகச் சேர நாலிலிருந்து ஆறு மாதம் ஆகலாம். அதுவரை தாங்கத்தான், தூணுக்குள் முறுக்குக்கம்பி போல, எலும்பின் நடுவில் கம்பியைச் செருகி மேலேயும் கீழேயும் திருகாணி போட்டிருக்கிறார்கள். எலும்பின் மேல் அளவாகப் பாரம் விழுந்தால்தான் புது எலும்பு கெட்டிப்படும். டாக்டர் சொன்ன அளவுக்கு ஊன்றுவதால் கம்பி உடைந்துவிடாது. கம்பி உடைவது பெரும்பாலும் எலும்பு சேராமலே பல மாதம் போய், பாரம் முழுவதையும் அது தனியாகச் சுமக்கும்போதுதான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: இது எலும்பின் நடுப்பகுதி உடைந்து கம்பி வைத்தவர்களுக்கான பேச்சு. முழங்கால் மூட்டுக்குள்ளேயே உடைந்து பிளேட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஊன்றிவிடக் கூடாது. அவர்களுக்குக் கணக்கே வேறு.

பயம் போக ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் அதைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் பக்கத்தில் போடுங்கள். இடது கால் பலகையில், வலது கால் மெஷினில், கைகள் வாக்கரில். மெதுவாக வலது காலை அழுத்துங்கள். முள் 20 கிலோவுக்கு வரும்போது எப்படி இருக்கிறது என்று காலுக்குப் பழகட்டும். அந்த அழுத்தத்தோடு இரண்டு நாள் நடங்கள், அப்புறம் கொஞ்சம் கூட்டுங்கள். லேசான வலி வரும், அது பரவாயில்லை. ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு வலித்தாலோ, மறுநாள் காலையிலும் அதே வலி இருந்தாலோ ஒரு படி இறங்கி வாருங்கள்.

நடக்கும்போது எல்லோரும் செய்கிற ஒரு காரியம், முழங்காலை மடக்கி நுனிக்காலில் நிற்பது. அது பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். குதிகால் முதலில் படட்டும், பிறகு பாதம், கடைசியில் விரல். வாக்கரை விட்டு ஒற்றைத் தடிக்கு வரும்போது தடி இடது கையில் இருக்க வேண்டும். அடிபட்ட பக்கமே தடி பிடிப்பவர்கள்தான் அதிகம். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

இதையெல்லாம் நான் எழுதி நீங்கள் படிப்பதைவிட பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முன்னால் நடந்து காட்டுவது மேல். நம் வேலூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குத் தயங்கக் கூடாது. 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அந்தத் துறையை வளர்த்தார். 1966லேயே வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்துவிட்டது.

வீக்கத்துக்கு வருகிறேன். லேப்டாப் வேலை செய்கிறேன் என்று நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டால் கணுக்கால் வீங்கத்தான் செய்யும், கத்திரி வெயிலில் இன்னும் கூடுதலாக. மணிக்கு ஒரு தடவை படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் தூக்கி வைத்து, பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். சாயங்கால வீக்கம் ஒரு வருஷம் வரைகூட எட்டிப் பார்க்கும். ஆனால் கெண்டைக்கால் திடீரென்று கல் மாதிரி இறுகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் போட்ட இடத்தில் சீழ், காய்ச்சல் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பாட்டி சொல்வதை நான் கேலி செய்யமாட்டேன். புத்தூர் கட்டு நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. விலகாத எலும்பை அசையாமல் கட்டி வைத்தால் அது தானாகச் சேரும். உங்களுக்கு அசையாமல் வைக்கும் வேலையை உள்ளே இருக்கும் கம்பியே செய்கிறது. மேலே இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம்தான் தடைபடும், கணுக்கால் இன்னும் விறைக்கும். எண்ணெய் போட்டு உருவி விடுவது வேண்டவே வேண்டாம். பாட்டியிடம் கேழ்வரகுக் களி கிண்டித் தரச் சொல்லுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பில் அவ்வளவு இல்லை, ருசிக்காகக் குடியுங்கள். தினம் முட்டை, பால், பருப்பு இருக்கட்டும். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரிலும் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் நிறையப் பேர், ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். எலும்பு சேருவதை அதுபோல் கெடுப்பது வேறில்லை.

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. கம்பியை முழங்காலுக்கு முன்பக்கம் வழியாகத்தான் செருகுவார்கள், அதனால் குத்துக்காலிடும்போதும் மண்டியிடும்போதும் பலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும். எலும்பு முழுசாகச் சேர்ந்து, வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் இறங்க முடிந்த பிறகு வேண்டுதலை நிறைவேற்றலாம். இறங்குவதற்கு இப்போது ரோப் கார் இருக்கிறது. அம்மா ஏறுவதற்கு மட்டும்தானே வேண்டிக்கொண்டார்கள்!

பைக்கில் பின்சக்கர பிரேக் உங்கள் வலது காலில் இருக்கிறது. தடியில்லாமல் நொண்டாமல் நடந்து, அவசரத்தில் வலியில்லாமல் ஓங்கி மிதிக்க முடிகிறவரை தொடாதீர்கள். அநேகமாக நாலு மாதம் தாண்டும்.

பனிச்சறுக்கா? அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் பேச்சே வேண்டாம். அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். சறுக்குப் பலகை ஒரு பக்கம் திரும்ப உடம்பு மறுபக்கம் விழும்போது அந்த முறுக்கு முழங்காலையும் தாக்கும். எலும்பு உடைந்த பரபரப்பில் ஜவ்வு கிழிந்திருப்பது தப்பிவிடும். இனி நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, திரும்பும்போது முழங்கால் சட்டென்று மடங்கினால் எலும்பு டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மறுபடி போனால், பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டை உங்கள் எடை, உயரம், வயது, அனுபவத்துக்கு ஏற்ப வாடகைக் கடையில் சரிசெய்யச் சொல்லுங்கள். கெத்துக்காக ‘நல்லாச் சறுக்குவேன்’ என்று சொல்லிவிட்டால் அதை இறுக்கி வைத்துவிடுவார்கள். விழும்போது பலகை கழன்று ஓடாது, கால்தான் திரும்பும்.

கடைசியாக, ஸ்ரீநகர் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். கம்பியை எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. தொந்தரவு கொடுத்தால் ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து எடுக்கலாம். அப்போது அது எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று தெரிந்தால்தான் அதற்குரிய கருவியை வரவழைக்க முடியும்.