பழைய கடைக்காரனின் பதில்கள்: கதவு நிலையில் வெட்டிய பெயர்

(வெள்ளவத்தையில் பதினெட்டு வருடம் டிவிடி கடை வைத்திருந்தவர், வாசகர்களின் சின்னத்திரைக் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

‘சக்’ தொடரில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ‘சக் வேர்சஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சலிக்காதா?
— வாசகர், தெஹிவளை

சலிக்கவில்லை. ‘வேர்சஸ்’ என்றால் ‘எதிர்’. இந்த அமெரிக்க உளவுத் தொடரின் நாயகன் சக் பார்ட்டோவ்ஸ்கி, ‘பை மோர்’ என்ற இலத்திரனியல் சாமான் கடையில் கம்பியூட்டர் திருத்துகிற பெடியன். ‘இன்டர்செக்ட்’ என்ற பெயரில் அரசாங்க ரகசியம் முழுக்கத் தவறுதலாக அவன் தலைக்குள் ஏறிவிடுகிறது. அப்புறம் வாரம் ஒன்று அவன் எதிரே வந்து நிற்கும். ஒரு வாரம் நத்தார் தாத்தா உடுப்பு, இன்னொரு வாரம் புல்லட் ரயில். வழக்குக்குப் பெயர் வைப்பதுபோல் வைத்துக்கொண்டே போனார்கள். 2007 செப்டெம்பரில் தொடங்கி 2012 ஜனவரியில் முடிந்த தொடர், மொத்தம் 91 எபிசோட். அதில் தொண்ணூறாவதற்கு வைத்த பெயர் ‘சக் வேர்சஸ் சாரா’. கட்டின மனைவியே எதிர்க்கட்சி! அந்தத் தலைப்பைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எண்பத்தொன்பது தரம் விளையாட்டாகச் சொன்ன சொல்லைத் தொண்ணூறாம் தரம் மெய்யாகவே சொல்லிவிட்டார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு ‘சக்’ பார்க்கிறோம். கடைசி சீசனின் எட்டாவது எபிசோடில், கைக்குழந்தை வருகிற கதையில், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சிரிப்பும் இல்லை, திடீரென்று ஒரு அம்மா வேறு, இதை விட்டுவிட்டே பார்த்திருக்கலாம்” என்கிறார். முடிவைப் பற்றியும் சண்டை. சாராவுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது என்கிறேன் நான். இல்லவே இல்லை என்கிறார் அவர். யார் சரி?
— வாசகி, வெள்ளவத்தை

பிள்ளை, உங்கள் வீட்டுச் சண்டைக்குள் என்னை இழுக்கிறீர்கள். சரி, வருகிறேன்.

அவருடைய கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த எபிசோடின் கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கைச் சந்திப்பதற்கு முன்பு சாரா புடாபெஸ்டில் ஒரு ‘பொதியை’ மீட்கப் போகிறாள். பொதி என்று மேலதிகாரி சொன்னது ஒரு கைக்குழந்தை, பெரும் சொத்துக்கு வாரிசு. அந்த மேலதிகாரியின் கண் சொத்தில் என்று தெரிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தன் அம்மாவிடம் ஒளித்து வளர்க்கக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிடுகிறாள். இத்தனை வருடம் கழித்து அந்த ஆள் மணந்து பிடித்து வருகிறான். வில்லன் வெறும் அட்டை. சுடுகிறார்கள், முடிகிறது. நான்கு சீசன் மூச்சுக்காட்டாத அம்மாவை ஒரே இரவில் கொண்டுவந்து இறக்கியதும் அவசரம்தான். அதைவிட எனக்குப் பொறுக்காதது வேறொன்று. பிறகு மகளுக்கு நினைவே அழிந்துபோகிறது. அந்தக் கடைசி இரண்டு எபிசோடிலும் அம்மாவைத் திரையில் காணோம். பெற்றவளுக்கு ஒரு போன் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஆட்கள் என்றால் சித்தி, பெரியம்மா எல்லோரும் வந்து ஹோலில் பாய் விரித்திருப்பார்கள்.

ஆனால் விட்டுவிட்டுப் பார்த்திருக்கலாம் என்கிறாரே, அங்கேதான் தவறு விடுகிறார். அந்த எபிசோடில் துப்பாக்கி இல்லாத ஒரு சின்ன இடம் உண்டு. வாங்க ஆசைப்பட்ட வீட்டுக்குள் இரண்டு பேரும் நுழைகிறார்கள். அங்கே கதவு நிலையில் சாரா தன் பெயரையும் சக்கின் பெயரையும் வெட்டி வைக்கிறாள். இன்னும் வாங்காத வீடு! பார்க்கும்போது குறும்பு மாதிரி இருக்கும், தேத்தண்ணி வைக்க எழுந்து போனவர்கள் தவறவிட்டிருப்பார்கள். நான்கு எபிசோட் கழித்து, அதே வீட்டில், அவள் அவனைக் கொல்லப் பார்க்கிறாள். இன்டர்செக்டின் கோளாறும் குவின் என்ற வில்லனும் சேர்ந்து ஐந்து வருட நினைவை அழித்துவிட்டார்கள். சக் உன் எதிரி என்று குவின் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அடிக்கிறாள். அவன் திருப்பி அடிக்க மாட்டேன் என்கிறான். அப்போது அவள் கண் அந்த நிலையில் விழுகிறது. கை நிற்கிறது.

ஏன் மோதிரத்தையோ கல்யாணப் படத்தையோ காட்டவில்லை என்று யோசித்துப் பாருங்கள். சாரா உளவாளி. போலி பாஸ்போர்ட், போலிப் படம், போலிக் கல்யாணம் எல்லாம் அவளுக்குத் தொழில். எந்தப் படத்தை நீட்டினாலும் “இதை நானே அரை மணித்தியாலத்தில் செய்வேன்” என்றுதான் அவள் மனம் சொல்லும். தன் கை வெட்டிய எழுத்தை மட்டும் அவளால் போலி என்று சொல்ல முடியாது. அடுத்த சாட்சியையும் அப்படியே வைத்தார்கள். அவள் முன்பு தானே பதிந்த கடமைக் குறிப்புகளின் டிஸ்க்கை, கூட வேலை செய்யும் உளவாளி கேஸி அவள் கையில் கொடுக்கிறான். அதில் சக்கை விரும்பிவிட்டதாக அவளே கமெராவைப் பார்த்துச் சொல்கிறாள். (டிஸ்க் விற்றுப் பிழைத்தவன் நான். அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது.)

கதவு நிலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், வாடகை வீட்டில் இருபது வருடம் இருந்தோம். பிள்ளைகளின் உயரத்தை மனைவி சமையலறைக் கதவு நிலையில் குறித்து வைப்பாள். பென்சில் அழிகிறது என்று மூத்தவள் தன் கவராயத்தை எடுத்து, கோட்டையும் தன் பெயரையும் மரத்தில் கீறிவிட்டாள். வீட்டுக்காரர் கண்டால் ஏசுவார் என்று நான் கத்தினேன். அவர் மூன்று தரம் பெயின்ட் அடித்தார், ஒருநாளும் காணவில்லை. இருட்டில் தண்ணீர் குடிக்கப் போகும்போது நிலையில் கை வைத்தால், என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பெயின்டுக்கு அடியில் அந்தக் கீறல் விரலில் தட்டுப்படும். பிறகு வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டினார்கள். பழைய மரம் எடுக்கிறவன் லொறியில் ஏற்றிய நிலைகளில் எது எங்களுடையது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

இனி உங்கள் வழக்கு. 2012 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு எபிசோடும் ஒரே இரவில் அமெரிக்காவில் ஒளிபரப்பாயின. முடிவில் கடற்கரையில் சக் தங்கள் கதையை அவளுக்குச் சொல்கிறான், அவள் சிரிக்கிறாள், அழுகிறாள், முத்தமிடச் சொல்கிறாள். அதோடு திரை மூடுகிறது. முத்தத்தால் நினைவு வந்ததா என்று காட்டவே இல்லை. ஆகவே எல்லாம் வந்துவிட்டது என்கிற நீங்கள் சரியில்லை. ஆனால் பெர்லினில் அவள் முன்பு வேலை செய்த மாதிரியான ஹொட்டோக் கடைக்குள் போனதும் கை தானாகச் சாமான்களை ஒழுங்குபடுத்துகிறது. குண்டைச் செயலிழக்க வைக்கும் நேரத்தில், முதல் எபிசோடில் வந்த ஒரு கம்பியூட்டர் வைரஸின் பெயர் அவள் வாயில் வருகிறது. ஆகவே இல்லவே இல்லை என்கிற அவரும் சரியில்லை. இரண்டு பேருமே தோல்வி. இன்றிரவு பாத்திரம் யார் கழுவுவது என்பதை வேறு வழியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சான்ட்விச் வாங்கி இந்தத் தொடரைக் காப்பாற்றினார்கள் என்று மகன் சொல்கிறான். கதை விடுகிறானா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

மெய்தான். இரண்டாம் சீசனோடு நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டது. விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களில் ஒன்று சப்வே. 2009 ஏப்ரல் 27, அந்த சீசனின் கடைசி எபிசோட் வந்த அன்று, ரசிகர்கள் சப்வே கடைகளுக்குப் போய் ஓரடி நீள சான்ட்விச் வாங்கித் தின்றார்கள். தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுதுவதைவிட விளம்பரக்காரனின் கல்லாப்பெட்டியில் காசு விழுவது உறைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். சக்காக நடித்த ஸக்கரி லீவையே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நூற்றுக்கணக்கான ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், உள்ளே நின்று சான்ட்விச் செய்தும் கொடுத்தார். மூன்றாம் சீசன் வந்தது, சப்வே விளம்பரத்தோடு. கடைசி எபிசோடில் பை மோர் கடையை வாங்குவதே சப்வேதான்! நன்றிக்கடனைக் கதைக்குள் வைத்துக் கழித்தார்கள். நாங்கள் ஒரு தொடரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டிக் கடையில் வரிசை கட்டுவோமா? அதற்கு முதலில் காப்பாற்றத் தகுந்த தொடர் ஒன்று வேண்டும்.

நான் ‘கெட் ஸ்மார்ட்’ காலத்து ஆள். சப்பாத்தில் போன் வைத்துப் பேசுவானே, அவன் முன்னால் இந்த சக் எல்லாம் எம்மாத்திரம்?
— வாசகர், பம்பலப்பிட்டி

ஐயா, சப்பாத்தைக் கழற்றிக் காதில் வைத்த டொன் அடம்ஸுக்கு நிகர் அவர்தான். மூன்று வருடம் தொடர்ந்து எம்மி விருது வாங்கியவர். ஆனால் ஒரு தொந்தரவு அப்போதே தொடங்கிவிட்டது. 1965இல் வந்த அந்தத் தொடர் நான்காம் சீசனில் நாயகன் மக்ஸுக்கும் அவனோடு வேலை செய்யும் உளவாளி ஏஜென்ட் 99க்கும் கல்யாணம் செய்து வைத்தது. ஐந்தாவதும் கடைசியுமான சீசனில் வேறு தொலைக்காட்சிக்கு மாறி, இரட்டைக் குழந்தையும் பிறந்தது. 1970இல் முடிந்தது. சக்கும் நான்காம் சீசன் முடிவில்தான் சாராவைக் கட்டினான், ஐந்தாவதோடு சரி. கல்யாணமானால் உளவாளி வீட்டுக்கு வந்து மரக்கறி நறுக்க வேண்டும், அதை வைத்து எத்தனை வாரம் சிரிப்புக் காட்டுவது? கெட் ஸ்மார்ட் குழந்தையை வைத்துச் சிரித்துப் பார்த்தது. சக் எழுதியவர்கள் கல்யாணத்தையே அவள் தலையிலிருந்து அழித்துப் பார்த்தார்கள். எனக்கு இரண்டாவது பிடித்தது. 99இன் பெயரைக் கடைசிவரை சொல்லாத பிடிவாதத்துக்கு மட்டும் பழைய ஆட்களுக்குத்தான் மாலை.

கடை மூடியபோது டிஸ்க் எல்லாவற்றையும் என்ன செய்தீர்கள்? ‘சக்’ கடைசி சீசன் இரவல் கிடைக்குமா?
— வாசகர், கல்கிஸ்ஸை

பாதியைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன், பாதி கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் டின்களில். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது மகளின் பழைய லப்டொப் சார்ஜ் தீரும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ‘சக்’ இருக்கிறது. ஆனால் கடைசி டிஸ்க்கில் கீறல். இசை நின்றால் குண்டு வெடிக்கும் என்று கச்சேரி மண்டபத்தில் பை மோர் பெடியன்களின் பாட்டுக்குழு ஜெஃப்ஸ்டர் விடாமல் பாடுகிற இடம் வரும், அங்கே படம் உறைந்துவிடும். துணியால் துடைத்து, மூச்சு விட்டு, மறுபடி போட வேண்டும். அதற்குச் சம்மதமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் மூன்றாம் சீசனை 2014இல் கொண்டுபோன கல்கிஸ்ஸைக்காரர் நீங்கள்தானா என்று முதலில் எழுதுங்கள்.