போட்டோகிராபி தொழிலுக்கு வருபவர் முதலில் கேமரா பாடிக்குச் செலவழிக்க வேண்டுமா, ஃப்ளாஷுக்கா?

நிகழ்ச்சிகள், ஆட்களின் படங்கள் என்று காசு வாங்கி எடுக்கப் போகிறேன், இருக்கிற பணத்தில் புது ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள) பாடி ஒன்று வாங்கிவிட்டால் ஃப்ளாஷுக்கு மிச்சம் இருக்காது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு தலைமுறை பழைய பாடியை வாங்குங்கள். மிச்சத்தில் இரண்டு ஃப்ளாஷ், தள்ளி வைத்த ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து வெடிக்க வைக்கும் ஒரு ரேடியோ ட்ரிக்கர், இரண்டு ஸ்டாண்ட், வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு குடை அல்லது சிறிய சாஃப்ட்பாக்ஸ் வாங்கிவிடுங்கள்.

உங்கள் நிலைமையை ஓரளவு யூகிக்க முடிகிறது. கிட் லென்ஸோடு வந்த ஒரு பாடியில் பழகியிருப்பீர்கள், தெரிந்தவர்களின் விழாக்களில் எடுத்த படங்களை நாலு பேர் பாராட்டியிருப்பார்கள், இப்போது யூடியூபில் ராத்திரி பகலாக பாடி ஒப்பீடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வீடியோக்களில் பாதி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்தை வைத்துத்தான் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சம் குறைந்தால் படத்தைப் பிரகாசமாக்க ஏற்றும் அளவை, சோதிக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு போகிற இடத்தில் ஜன்னல் இருக்காது, இருந்தாலும் திரை போட்டிருப்பார்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு விருது வழங்கும் விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நிகழ்ச்சிக்கு முன் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் என் பையைத் திறந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பழைய கேமராவா? போன தடவை வந்தவர் புது மாடல் வைத்திருந்தாரே” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவருக்கு நான் எடுத்த படங்களை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். அப்படியிருந்தும் நேரில் பார்த்ததும் பாடியின் பெயரைத்தான் முதலில் படிக்கிறார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது, மறைக்கவில்லை.

அரங்கத்தைச் சொல்கிறேன். உயரமான கூரை, முழுக்கக் கறுப்பு வண்ணம். மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை. மேடை விளக்குகள் மஞ்சள் பக்கம் சாய்ந்தவை. நான் சீக்கிரமே போய் மேடையின் இரு முன்மூலைகளிலும் ஸ்டாண்டை நன்றாக உயர்த்தி ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளாஷ் மாட்டினேன், இரண்டின் மேலும் அரை சிடிஓ ஜெல், அதாவது வெளிச்சத்தை ஆரஞ்சுப் பக்கம் சாய்க்கும் நிறத்தாள். ஃப்ளாஷ் வெளிச்சத்தின் நிறம் 5500 கெல்வின் பக்கம், வெண்மையாக இருக்கும், மேடை விளக்கு அதைவிட மஞ்சளாக இருக்கும், ஜெல் போடாவிட்டால் முகம் நீலமாகவும் பின்னால் இருப்பவர் ஆரஞ்சாகவும் வந்து நிற்பார்கள். ஐஎஸ்ஓ 800, லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் 1/160 நொடி, ஃப்ளாஷ் மேனுவலில் முழு பவரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 1/8. ஒருவரை நடுமேடையில் நிறுத்தி இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது, அதோடு கைவைக்கவில்லை.

விழா நடத்தியவர்களுக்குப் பண உதவி செய்த இன்னொரு தரப்பு தங்கள் சார்பில் ஓர் இளைஞரை அனுப்பியிருந்தது. அவரிடம் அப்போது புதிதாக வந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாமல் மின்திரை வ்யூஃபைண்டர் உள்ள) பாடி, அதன் தலையில் ஒரே ஒரு ஃப்ளாஷ். ஃப்ளாஷ் தலையை மேலே திருப்பி, வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பும்படி பவுன்ஸ் செய்துகொண்டிருந்தார். வெள்ளைக் கூரை, தாழ்ந்த கூரை என்றால் அது அருமையான வழி. கறுப்புக் கூரை வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஃப்ளாஷின் பவரைத் தானாக முடிவுசெய்யும் டிடிஎல் என்ன செய்யும்? முன்மின்னலை அனுப்பிப் பார்க்கும், திரும்பி வருவது போதவில்லை என்று கண்டு ஒவ்வொரு முறையும் முழு பவரில் வெடிக்கும். கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் அதன் பாதுகாப்பு வேலை செய்ய ஆரம்பித்து, ரெடி விளக்கு வர வர நேரம் எடுத்தது. விருதைக் கொடுத்துக் கைகுலுக்கிக் கேமராவைப் பார்க்கும் நேரம் எவ்வளவு? இரண்டு மூன்று நொடி. அவர் பொத்தானை அழுத்தும்போது ஃப்ளாஷ் தயாராக இல்லை. வேறு வழியில்லாமல் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினார். எல்இடி வெளிச்சத்தில் அது இன்னும் மோசம். சென்சாரை வரி வரியாகப் படிக்கும் நேரத்துக்குள் எல்இடி பல முறை மினுங்கிவிடும், அதனால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தது.

நல்ல பையன், திறமை இல்லாதவர் இல்லை. இடைவேளையில் தானாக வந்து, என் ஃப்ளாஷ் எதில் வேலை செய்கிறது என்று கேட்டார். என்னிடம் நடுமுள் மட்டும் உள்ள சாதாரண ட்ரிக்கர் ஒன்று உபரியாக இருந்தது, அதை அவர் கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் செருகினேன். அவருடைய பாடி வேறு நிறுவனம். ஆனால் ஹாட் ஷூவின் நடுவில் இருக்கும் அந்தத் தொடர்பு கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொது, ஃப்ளாஷை வெடிக்க வைப்பது அதுதான். மேனுவலில் என் அளவுகளையே போடச் சொன்னேன், போட்டதும் வ்யூஃபைண்டர் கும்மிருட்டாகிவிட்டது, பதறிப்போனார். மிரர்லெஸ் வாங்கும் எல்லாரும் முதல் நாள் இதில் சிக்குவார்கள். நாம் வைத்த அளவில் படம் எப்படி வருமோ அப்படியே வ்யூஃபைண்டர் காட்டும், ஃப்ளாஷ் வரப்போகிறது என்பது, குறிப்பாக நடுமுள் ட்ரிக்கர் வழியாகப் போனால், அதற்குத் தெரியாது. அளவுகளின் விளைவைக் காட்டாதே என்று மெனுவில் ஓர் அமைப்பு இருக்கும், கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்று இருக்கும், அதை அணைத்துவிட்டால் சாதாரணமாகத் தெரியும். அணைத்தோம். மீதி நிகழ்ச்சி முழுவதும் இருவரும் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டு மாற்றி மாற்றி அழுத்தினோம். 1/8 பவரில் ஃப்ளாஷ் உடனுக்குடன் தயாராகிவிடும் என்பதால் அது முடிந்தது. அவர் படங்களும் என் படங்களும் ஒரே தரத்தில் வந்தன. அவருடையது புது பாடி, என்னுடையது கண்ணாடி உள்ள பழைய வகை டிஎஸ்எல்ஆர்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிதானது, ஒப்பீட்டு வீடியோக்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு அல்லது பாதி, ஐஎஸ்ஓ 100இலிருந்து 800க்குப் போவது மூன்று ஸ்டாப். முழு பவரிலிருந்து 1/8க்கு இறங்குவதும் மூன்று ஸ்டாப். ஆக, ஐஎஸ்ஓ 800இல் தைரியமாக எடுக்கக்கூடிய பாடி கையில் இருந்தால் சின்ன ஃப்ளாஷே பெரிய ஃப்ளாஷின் வேலையைச் செய்துவிடும், சூடாகாது, பேட்டரியும் நிற்கும். கடந்த பத்து வருடங்களில் வந்த எந்த ஃபுல் ஃப்ரேம் பாடியும் ஐஎஸ்ஓ 800ஐ, ஏன் 1600ஐயும், சுத்தமாகத் தரும். அதனால்தான் பழைய பாடி போதும் என்கிறேன்.

உடனே சிலர் வருவார்கள், தெரியும். “நாங்கள் இருக்கிற வெளிச்சத்தில் மட்டும்தான் எடுப்போம், ஃப்ளாஷ் இயல்பைக் கெடுக்கும்” என்பார்கள். நல்ல வெளிச்சம் இருக்கும்போது நானும் ஃப்ளாஷைத் தொடமாட்டேன். ஆனால் ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்றினால் படத்தின் பிரகாசம்தான் கூடும், வெளிச்சம் வரும் திசை மாறாது. தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் கண்குழி இருட்டாகத்தான் இருக்கும், எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும். விளையாட்டு, பறவைகள் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது, அங்கே ஃபோகஸ் வேகத்துக்கும் லென்ஸுக்கும்தான் பணம் போக வேண்டும். அவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், கேட்டவர் நிகழ்ச்சிகளையும் ஆட்களையும் எடுக்கப் போகிறவர்.

சரி, பாடியில் எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது? ஒவ்வொரு படத்தையும் இரண்டு மெமரி கார்டிலும் பதிய இரண்டு கார்டு ஸ்லாட். இதில் எனக்கு சமாதானமே கிடையாது. 2018இல் வந்த நிக்கான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் இரண்டிலும் ஒரே ஸ்லாட். எத்தனை பேர் திட்டினார்கள் என்று அப்போது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2020இல் வந்த இசட்6 மார்க் 2, ஆர்6 இரண்டிலும் இரண்டு ஸ்லாட் வந்துவிட்டது. அதே 2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3இல் முதலிலேயே இரண்டு இருந்தது. பழையதாக வாங்கும்போது விலை குறைவு என்று ஒற்றை ஸ்லாட் பாடியை நீட்டுவார்கள். இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளலாம், காசு வாங்கி எடுக்கும் முதல் கேமராவாக வேண்டாம். கார்டு போனால் அந்த நிகழ்ச்சியை யாரும் மறுபடி நடத்தித் தரமாட்டார்கள்.

அடுத்தது அந்த நடுமுள். சில கீழ்நிலை மாடல்களில் கேனான் அதையே எடுத்துவிட்டது. 2019இல் வந்த 200டி மார்க் 2 ஓர் உதாரணம், அதில் நடுமுள் மட்டும் உள்ள சாதாரண ட்ரிக்கர்கள் வேலை செய்யாது. உங்களிடம் இருப்பது அந்த வகையா என்று இப்போதே ஹாட் ஷூவைப் பாருங்கள், நடுவில் வட்டமான உலோகப் புள்ளி இருக்க வேண்டும். தலைகீழாக இன்னொரு எச்சரிக்கை: யாராவது ஃபிலிம் காலத்து ஃப்ளாஷைச் சும்மா தந்தால் சோதிக்காமல் மாட்டாதீர்கள். அவற்றில் சில 200 வோல்ட்டுக்கு மேல் ட்ரிக்கர் முனையில் வைத்திருக்கும், இன்றைய கேமராக்கள் பலவற்றின் சர்க்யூட் தாங்காது.

ஷட்டரின் சிங்க் வேகத்தையும், அதாவது ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தையும், பாருங்கள். பெரும்பாலான பாடிகளில் 1/200 அல்லது 1/250. அதற்கு மேல் போனால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருக்காது, படத்தில் ஓரமாகக் கறுப்புப் பட்டை விழும். ஹைஸ்பீட் சிங்க் போட்டால் பட்டை போகும், ஆனால் ஃப்ளாஷ் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் சுமார் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலுமோ வலு போய்விடும். நண்பகலில் வெளியே எடுப்பதாக இருந்தால் தலையில் மாட்டும் ஃப்ளாஷ் இதில் திணறும், 200 வாட் செகண்ட் சக்தியுள்ள, காடாக்ஸ் ஏடி200 போன்ற ஒன்றை அப்போது யோசியுங்கள். சோனி 2023இல் அறிவித்த ஏ9 மார்க் 3, சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரால் இந்தச் சிக்கலையே ஒழித்துவிட்டது உண்மைதான். அதற்காக அதை வாங்கச் சொல்பவர் உங்கள் பணத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

ஃப்ளாஷின் அட்டைப் பெட்டியில் அதன் வலுவைச் சொல்லும் கைடு நம்பர் 60 என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஃப்ளாஷ் தலையை 200 மி.மீ.க்கு ஜூம் செய்து, ஐஎஸ்ஓ 100இல் மீட்டர் கணக்கில் சொல்லும் எண் அது. அதே ஃப்ளாஷ் 35 மி.மீ.யில் ஏறக்குறைய 36தான் வரும். எஃப் 4 என்றால் 36ஐ 4ஆல் வகுத்து ஒன்பது மீட்டர் தூரம்தான், அதுவும் நேரடியாக அடித்தால். பேட்டரி விஷயத்தில் சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியோடு வரும் ஃப்ளாஷை வாங்குங்கள், பென்சில் பேட்டரி போடுவதாக இருந்தால் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மட்டும். ஆல்கலைன் போட்டால் சீக்கிரமே ஒவ்வொரு மின்னலுக்கும் காத்துக்கொண்டு நிற்பீர்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்த விழாவில் ஸ்டாண்டுகளைப் பார்த்துக்கொள்ள என்னோடு ஒருவர் வந்திருந்தார். யாரும் தட்டிவிடாமல் பார்ப்பது, ஜெல்லைச் சரிசெய்வது, குழுப் படத்துக்கு மூன்றாவது விளக்கை உயர்த்திப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. போட்டோகிராபருக்கு ஒரு பாஸ்தான் என்று அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் கத்தி, வாதாடி உள்ளே அழைத்து வந்தேன். விளக்குப் பிடிப்பவர் வெறும் எடுபிடி, அவருக்குத் தனியாக ஏன் பணம் என்று கேட்கும் போட்டோகிராபர்களையும் பார்த்திருக்கிறேன், அது ஏற்பாட்டாளர்கள் செய்வதைவிடக் கேவலம். ஒரு படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஆள்தான் கையில் வைத்திருக்கிறார். நாளைக்கு நீங்கள் ஒருவரைக் கூட்டிப் போனால் பாஸும் சம்பளமும் முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.

பழைய பாடியை வாங்கப் போகும்போது ஃப்ளாஷையும் ட்ரிக்கரையும் கையோடு கொண்டுபோங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டி850க்கு 2 லட்சம், கேனான் ஆர்5க்கு 5 லட்சம் என்று நிறுவனங்களே சோதித்த அளவைச் சொல்லியிருக்கின்றன, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ட்ரிக்கரை மாட்டி, 1/200இல், பாடியின் சிங்க் வேகம் அதற்கும் குறைவென்றால் அந்த வேகத்தில், ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள். ஒன்றில்கூட ஃப்ளாஷ் தவறக் கூடாது, எதிலும் கீழேயோ மேலேயோ நிழல் பட்டை இருக்கக் கூடாது. ஹாட் ஷூவில் ட்ரிக்கரை லேசாக ஆட்டிப் பார்த்து இன்னும் சில எடுங்கள். ஷூ தளர்ந்த பாடியாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், விற்பவர் என்ன சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.