மேடைச் சிரிப்பிலிருந்து அரசியல் பேச்சுக்கு: அல்சூர் அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. சனி, ஞாயிறுகளில் இந்திராநகரில் ஓப்பன் மைக் (புதியவர்களும் ஏறிப் பேசலாம் என்கிற நகைச்சுவை மேடை) ஏறுகிறான். இப்போது கல்லூரியை விட்டுவிட்டு யூடியூபில் அரசியல் பேசப்போவதாகச் சொல்கிறான். அவன் வலதுசாரிப் பக்கம் சாய்வதும் உங்களைப் பயமுறுத்துகிறது. அது அவன் கருத்து, அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். படிப்பை விடுவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அவன் அடிக்கடி சொல்லும் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டென்னிஸ் மில்லர் பிட்ஸ்பர்க்கில் இதழியல் படித்துப் பட்டம் வாங்கியவர். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் 1985 முதல் 1991 வரை செய்தி வாசிப்பவராக வந்து சிரிக்கவைத்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகுதான் வெளிப்படையாக வலதுபக்கம் வந்தார். அரசியல் பேசும் வானொலி நிகழ்ச்சி 2007இல். மேடைத் தொழிலில் அத்தனை வருஷம் ஊறிய பிறகு வந்த பேச்சு அது. உங்கள் மகன் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கிறான்.

நம்மவர்களில் சோ இருக்கிறார். சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர், டி.டி.கே. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசகர். நாடகம், சினிமா என்று பெயர் வாங்கிய பிறகு 1970இல் துக்ளக் தொடங்கினார். 1999இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அவர் கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் காலமெல்லாம் விமர்சித்த தி.மு.க. இருந்த அணியையே 1996இல் ஆதரித்தாரே, அந்தச் சுதந்திரத்தை மதிக்கிறேன். கையில் வேறொரு தொழில் இருந்தது அதற்குத் துணையாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

எனக்கு உண்மையான பயம் இங்கேதான். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். கோபமாகப் பேசினால் அது சீக்கிரம் வரும். அப்புறம் வருகிறவர்கள் தினமும் அதே கோபத்தைக் கேட்பார்கள். வாடகையே அதிலிருந்துதான் என்றால், 'நேற்று சொன்னது தப்பு' என்று சொல்ல இருபது வயதுப் பையனுக்குத் தைரியம் வருமா?

சட்டச் சிக்கலும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. நம் பெங்களூரிலேயே 2021 நவம்பரில் நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபாருக்கியின் நிகழ்ச்சி, போலீஸ் அனுமதி தராததால் நடக்கவில்லை. எந்தப் பக்கத்துக் கலைஞனுக்கும் இது நேரலாம்.

அதனால் என் யோசனை: பி.காம். முடிக்கட்டும், பிறகு மூன்று வருட எல்.எல்.பி. சட்டப் படிப்பு. பட்டம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது, பொதுப்பிரிவுக்கு அந்தப் பட்டத்தில் குறைந்தது 45 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். மேடையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கன்னட நாளிதழ் படிக்கப் பழகட்டும், இந்த ஊர் அரசியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் படித்தால் பாதிதான் புரியும். வாரம் ஒரு பக்கம், தான் எதிர்க்கும் தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதட்டும்.

அவன் நிகழ்ச்சியை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள். அடுத்த வாரம் அவனையும் கூட்டிக்கொண்டு, செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களோடு என்னிடம் வாருங்கள்.